பவளத்துக்கு வாங்கிய விளக்கு

அந்தப் பவளத்தை நான் கொன்றிருக்க வேண்டும். கல்லூரி விலங்கியல் துறையில் என் வேலை அதுதான். கடலிலிருந்தும் கண்மாயிலிருந்தும் வருகிற உயிர்களை ஃபார்மலினில் போட்டு, சீசாவில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டுவேன். ஃபார்மலினில் முதலில் போவது நிறம். அதனால் உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் பார்த்துச் சீட்டில் குறித்துவிட வேண்டும். பதினோரு வருஷமாக அப்படிக் குறித்துக்கொண்டிருந்தேன்.

1983 பிப்ரவரியில் மாணவர்களை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். சுண்ணாம்புக் காளவாசலுக்காகக் கடலில் பெயர்த்த பவளக்கற்களை ஒரு வள்ளத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியலில் ஒன்று உயிரோடு இருந்தது. இரண்டு கையும் சேர்த்தால் அடங்குகிற அளவு. மேலெல்லாம் தேன்கூடு போல அறைகள், ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு சின்ன வாய். ‘பழுப்பு. அறைகளின் நடுவில் பச்சை’ என்று சீட்டில் எழுதினேன். கடல்தண்ணீர் நிறைத்த வாளியில் அதைப் போட்டு ராமேஸ்வரம் பாசஞ்சரில் கொண்டுவந்தேன். மறுநாள் கல்லூரிக்கு எடுத்துப் போய், சதையைக் களைந்து, எலும்பை வெளுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாக இருந்தது.

ஞானஒளிவுபுரத்தில் எங்கள் வாடகை வீடு. வாளியைச் சமையலறைத் தரையில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் போய்ப் பார்த்தபோது என் மனைவி தங்கம் அதன் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள்.

“இது உசுரோட இருக்கா?” என்று கேட்டாள்.

ஐந்து மாதத்தில் அவள் தானாக என்னிடம் பேசியது அதுதான் முதல்முறை. முந்தின செப்டம்பரில் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். மறுநாளே மஞ்சள் காமாலை என்றார்கள். நான்கு நாள் பச்சைக்குழந்தைகள் வார்டில் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் இறந்துபோனான். அதன்பிறகு தங்கம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு அதுவும் குறைந்தது. சமைப்பாள், துவைப்பாள், உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள். நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் மௌனம் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்தும் இருந்தது. இப்போது அதற்குள் அவள் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போவது எனக்குத் தெரிந்தது. எதைச் சொல்லி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

“இருக்கு” என்றேன்.

“அப்ப காலேஜுக்குக் கொண்டு போக வேணாம்.”

கொண்டு போகவில்லை. அந்தக் கல் உயிரோடு இருக்கும்வரை அவளும் பேசுவாள் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வேறு எதையும் நான் அவ்வளவு உறுதியாக நம்பியதில்லை.

கல்லூரியில் கழித்துப் போட்டிருந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பின்னறை மேசைமேல் வைத்தேன். தண்ணீருக்குள் காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். மாதம் ஒருமுறை மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் கேன்களில் கடல்தண்ணீர். தீனிக்குப் பொடியாக நறுக்கிய இறால். இவையெல்லாம் எப்படியோ நடந்தன. வெளிச்சம்தான் அமையவில்லை.

பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பழுப்பு நிறமே பாசியுடையதுதான். வெளிச்சத்தைக் கொண்டு பாசி ஆக்கித் தருவதைத்தான் பவளம் பெரும்பாலும் தின்கிறது. இறால் துண்டெல்லாம் மேல்தீனி. வெளிச்சம் போதாவிட்டால் பாசி போய்விடும். பவளம் வெளுத்து, பட்டினி கிடந்து சாகும். துறை நூலகத்துக்கு வருகிற வெளிநாட்டுப் பத்திரிகையில் இதற்கென்றே செய்த விளக்குகளின் படம் போட்டிருந்தார்கள். என் சம்பளத்துக்கு அந்தப் படத்தைத்தான் பார்க்க முடியும்.

முதலில் தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தினேன். மார்ச் மாத வெயிலில் தண்ணீர் வெந்நீராயிற்று, கண்ணாடி முழுக்கப் பச்சை படர்ந்தது. ஜன்னலைப் பிளைவுட் வைத்து ஆணியடித்து மூடினேன். பிறகு முன்னறை டியூப் லைட்டைக் கழற்றித் தொட்டிமேல் மாட்டினேன். மூன்றே வாரத்தில் பவளத்தின் ஓரத்தில் பழுப்பு மங்கியது. ஒற்றை டியூப் அதற்குக் காணாது. அப்போதுதான் கப்பலூருக்குப் போனேன்.

கப்பலூர் தொழிற்பேட்டை ஓரத்தில் நல்லகாமன் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தான். ஆலைகளில் கழிக்கிற விளக்கு, சோக், மோட்டார் எல்லாவற்றையும் எடைக்கு வாங்கிச் சரிசெய்து விற்பான். நான் விஷயத்தைச் சொன்னதும் மீனுக்கா என்று கேட்டான். மீன் இல்லை, பார்க்கக் கல் மாதிரி இருக்கும் என்றேன்.

“கல்லுக்கு வெளக்கா? நம்ம பக்கம் சாமிக் கல்லுக்குத்தான் அம்புட்டு மரியாதை செய்வாங்கண்ணே” என்றான்.

ஆனாலும் அக்கறையாகத்தான் பார்த்தான். தெருவிளக்கில் போடுகிற மெர்க்குரி விளக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்பினான். அறை கண் கூசுகிற மாதிரி வெளுத்தது. இரண்டே நாளில் தண்ணீர் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. ஐஸ் கட்டியைப் பையில் கட்டி மிதக்கவிட்டுப் பார்த்தும் பவளம் வாயெல்லாம் இறுக மூடிக்கொண்டது. திருப்பிக் கொண்டுபோனேன். புது டியூப் நாலு செட் சோக்கோடு வாங்கி வரிசையாக மாட்டுங்கள், சூடும் ஏறாது, வெளிச்சமும் கிடைக்கும் என்று சொன்னான். விலையையும் சொன்னான். நான் சட்டைப்பையைத் தடவியதைப் பார்த்து உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து வந்தான். இரண்டடி நீளத்தில் ஆறு டியூப்.

“ஆசுபத்திரி ஏலத்துல வந்துச்சு. எல்லாம் எரியுது. எதுக்குக் கழிச்சாங்கன்னுதான் தெரியல” என்று சொல்லி ஒன்றை மாட்டிக் காட்டினான்.

நண்பகல் வெயில் அடிக்கிற கொட்டகையில் அது நீலமாக எரிந்தது. அவனுடைய பல் வெளிறி, உதடு கறுத்துத் தெரிந்தது. டியூபின் முனையில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி, அதில் மையால் எழுதியிருந்தார்கள்: தொட்டில் 3, 1160. இன்னொன்றில் தொட்டில் 5. பச்சைக்குழந்தைகள் வார்டில் மஞ்சள் காமாலைக்காகத் தொட்டில்மேல் எரியவிடும் விளக்கு அது என்று எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பையன் கிடந்த தொட்டிலின் எண் என்னவென்று யோசித்தேன். நான் அதைப் பார்த்துவைத்திருக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடலுக்குள் ஆழத்தில் போய்ச் சேர்வது நீல வெளிச்சம்தான் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். சூடு கிடையாது. விலை, பழைய இரும்பின் விலை. ஆறையும் வாங்கிக்கொண்டேன். திருமங்கலத்திலிருந்து வந்த பஸ்ஸில் உட்கார்ந்து, பழங்காநத்தம் வருவதற்குள் பிளாஸ்திரிகளை நகத்தால் உரித்து ஜன்னல் வழியே போட்டேன். பசை மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

விளக்குகளை மாட்டிப் போட்டதும் தங்கம் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“இந்த வெளிச்சம் எனக்குத் தெரியும்” என்றாள்.

கடலுக்கு அடியிலும் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள். பிறகு ஒரு முக்காலியை எடுத்துவந்து, தொட்டியிலிருந்து நாலடி தள்ளிப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வார்டில் தாய்மாரை நிறுத்திய கண்ணாடித் தடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே அத்தனை தூரம்தான் இருந்தது.

நீலத்தில் பவளம் வேறு ஒன்றாகிவிட்டது. பழுப்பு கண்ணிலேயே படவில்லை. ஒவ்வோர் அறையின் நடுவிலும் இருந்த பச்சை மட்டும் உள்ளேயிருந்து யாரோ ஏற்றியதுபோல எரிந்தது. ஐம்பது அறுபது பச்சைக் கண்கள். நாளாக ஆக அந்தப் பச்சை கூடிக்கொண்டே போனது. நான் சந்தோஷப்பட்டேன். சரியான விளக்கைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தங்கமும் பேசினாள். அது முழித்துக்கொண்டது என்பாள். தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டது என்பாள். அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒன்றுக்கு மட்டும் பசி ஆறுவதில்லை என்பாள். ஆனால் அந்த அறையில் மட்டும்தான் பேசினாள். வாசலைத் தாண்டினால் வாய் மூடிவிடும். அதனால் நான் கல்லூரியிலிருந்து வந்ததும் நேராக அங்கேதான் போவேன். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைப்பாள். தட்டில் சோறு நீலமாக இருக்கும். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவாள். காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு: இந்த மூன்று வேளையும் குளித்துத் தலைபின்னி முக்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று வீட்டுக்கு வந்துபோகிற பக்கத்து வீட்டார் சொன்னார்கள். வார்டில் தாய்மாரைப் பார்க்கவிட்ட நேரம் அது. நான் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை.

அந்த வருஷம் பகலில் அடிக்கடி கரண்ட் போனது. ஜன்னல் மூடிய அறையில் பகல் ஒரு மணியும் கும்மிருட்டாகிவிடும். மோட்டார் நின்றுபோகும். தண்ணீருக்குக் காற்று வேண்டுமென்று தங்கம் தொட்டிக்குள் கையைவிட்டு அளைந்துகொண்டிருப்பாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். டார்ச் கொண்டுவரட்டுமா என்றால் வேண்டாம், கண்ணு கூசும் என்பாள். யாருக்குக் கூசும் என்று சொல்ல மாட்டாள். மே மாதத்தில் ஒருநாள் அப்படி இருட்டில் இருந்தபோது அளைகிற சத்தம் நின்றது.

“கேக்குதா?” என்றாள்.

என்ன என்று கேட்டேன். அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டி நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். அதற்குப்பின் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் வெகுநேரம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எனக்கும் ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. கரண்ட் வந்ததும் பச்சைக் கண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜூனில் பவளம் இறாலைப் பிடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த மாதம் ஒளிர்ந்த அளவு அது அதற்குமுன் ஒளிர்ந்ததில்லை. பதினோரு வருஷம் நிறம் பார்த்து எழுதியவனுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஜன்னல் பலகையைப் பிடுங்கி ஒருமுறை வெயிலில் பார்த்துவிடலாம் என்று இரண்டு தடவை சுத்தியலை எடுத்தேன். இரண்டு தடவையும் தங்கம் முக்காலியில் இருந்து பேசிக்கொண்டிருந்தாள். சுத்தியலைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஜூலை முதல் ஞாயிறு, பத்து மணிப் பூசை முடிந்து தங்கத்தின் அக்கா ஆனிமேரி வந்தாள். அவள் அந்த ஆஸ்பத்திரியில், அதே வார்டில் நர்ஸ். பிள்ளை போனபிறகு தங்கம் அவளைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் பத்து மாதமாக வரவில்லை. அன்றைக்கு வந்ததே, கோயிலில் யாரோ தங்கம் மெலிந்துவிட்டாள் என்று சொன்னதால்தான். கேக் பொட்டலத்தை முன்னறையில் வைத்துவிட்டு, தங்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டே பின்னறைக் கதவைத் தள்ளினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வெகுநேரம் அந்த விளக்குகளையே பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, “எங்க வாங்குனீங்க தம்பி?” என்றாள்.

சொன்னேன். தங்கம் திரும்பவில்லை. அவளுக்கு முதல் நாளே தெரியும் என்பது அவளுடைய முதுகில் தெரிந்தது.

ஆனிமேரி கோபப்படவில்லை. வார்டில் புது நர்ஸுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். இந்த டியூபை ஆயிரம் மணிநேரம் தாண்டினால் கழற்றிவிடுவார்களாம். அதற்குத்தான் பிளாஸ்திரியில் மணிக்கணக்கை எழுதி வைக்கிறார்கள். அதன்பிறகும் பார்க்க அதே நீலமாகத்தான் எரியும். உள்ளே சத்து இருக்காது.

“இன்னொண்ணு தம்பி. இதுக்குக் கீழ நெறம் தெரியாது. மஞ்சப் புடிச்ச புள்ளையும் தெளிஞ்ச புள்ளையும் ஒண்ணு போலத்தான் கெடக்கும். அணைச்சுட்டு, ஜன்னல் ஓரமாத் தூக்கிட்டுப் போய்ப் பாக்கணும். நீங்க எப்ப அணைச்சுப் பாத்தீங்க?”

என் கண் ஜன்னல் பலகையின் ஆணிகள்மேல் போயிற்று. தங்கம்தான் பேசினாள். முகத்தைத் தொட்டியைவிட்டு எடுக்கவில்லை.

“என் புள்ளையையும் அப்படித் தூக்கிட்டுப் போய்ப் பாத்தியாக்கா?”

“பாத்தோம்டி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்தோம்.”

“எனக்கு மட்டும் யாரும் அணைச்சுக் காட்டல.”

மோட்டார் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. தங்கம் எழுந்தாள். சுவரோரம் போய் ஸ்விட்சை அணைத்தாள். இருட்டுக்குள்ளிருந்து, ஜன்னலைத் திறங்கள் என்று என்னிடம் சொன்னாள்.

சுத்தியலைத் தேடி எடுத்து வந்து, கதவு வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் ஆணிகளைப் பிடுங்கினேன். பலகை விழுந்தது. நாலு மாதமாக அந்த அறைக்குள் வராத பகல், தொட்டியின்மேல் நேராக இறங்கியது.

பவளம் உப்பைப்போல வெள்ளையாக இருந்தது. ஓர் இடத்திலும் பழுப்பு இல்லை. மறைத்துக்கொண்டிருந்த பழுப்பு போகப்போகத்தான் அந்தப் பச்சை கூடியிருக்கிறது. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சதைக்கு உள்ளே எலும்பின் தகடுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஆனிமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“செத்துப் போச்சா?” என்று தங்கம் கேட்டாள்.

ஓர் இறால் துணுக்கை இடுக்கியால் எடுத்து ஓர் அறையின்மேல் வைத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து, ஓரத்துச் சதை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி அதன்மேல் மூடியது.

“சாகல. பட்டினி” என்றேன்.

நிமிர்ந்தபோதுதான் தங்கத்தைப் பார்த்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளை வெயிலில் பார்க்கிறேன். உதட்டில் ரத்தமே இல்லை. கழுத்தெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. காதுக்குப் பின்னால் நரம்பு தெரிந்தது. நான் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன். ஆனிமேரி அவளுடைய கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளேயும் வெளுத்திருந்தது. எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டாய் என்று கேட்டாள். தங்கம் யோசித்துப் பார்த்தாள். யோசிக்க வேண்டியிருந்தது அவளுக்கு. தன் தட்டில் போட்ட சோறு எங்கே போயிற்று என்பதை அவள் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

பிறகு அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

“அவன் என்ன நெறம்? நீங்கதான கல்லறைக்குக் கொண்டு போனீங்க. பகல்லதான கொண்டு போனீங்க.”

பகலில்தான். பன்னிரண்டு மணி வெயில். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனேன். குழிக்குப் பக்கத்தில் முகத்துத் துணியை விலக்கி, ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் சுவரோரத்தில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் பாக்கல தங்கம்.”

இதைச் சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். ஆனிமேரி தொண்டையைச் செருமினாள்.

“நான் பாத்தேன்டி. செவந்துதான் இருந்தான். ஆனா பச்சப்புள்ளைக்குக் காது மடல்லதான் நெறம் தெரியும். அவனுக்கு மடல் கருத்திருந்துச்சு. வளந்தா தம்பி மாதிரி கருப்பாத்தான் வந்திருப்பான்.”

தங்கம் என் பக்கத்தில் வந்தாள். என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். விரல்கள் தொட்டித் தண்ணீரைப்போலச் சில்லென்று இருந்தன. என் காதை மடக்கி, மடலை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. நான் அங்கே நின்றுகொண்டிருந்தாலும், அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வட்டிக்கு வாங்கி நாலு புது டியூப் செட் போட்டேன். சாதாரண வெள்ளை. நீல விளக்குகளை ஆனிமேரி எடுத்துப் போய்விட்டாள். பவளத்தின் ஒரு பக்கம் ஆகஸ்டில் செத்துப் பாசி படிந்தது. மறு பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பாகப் பழுப்பு ஏறியது. தங்கம் இப்போது எல்லா அறையிலும் பேசுகிறாள், குறைவாக. ஆனிமேரி கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறாள்.

காலையில் மட்டும் சோற்றைத் தட்டில் போட்டுவைத்துவிட்டு, என் கையைப் பிடித்து அந்த ஜன்னலுக்கு அழைத்துப்போவாள். தாடையைத் திருப்புவாள், காதை மடக்குவாள். கல்லூரிக்கு நேரமானாலும் நான் அசையாமல் நிற்பேன். அவள் பார்த்து முடித்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள்.